ஒரு ஓட்டைத் திருடினால் எத்தனை வருஷம்?

பைக் திருடு போனால் அதற்கு ஒரு விலை உண்டு. செயினை அறுத்துக்கொண்டு ஓடினால் எத்தனை பவுன் என்று கேட்பார்கள். ஆனால் ஒரு ஓட்டு திருடு போனால்? அது கடைச் சரக்கு இல்லை. பில் கிடையாது, எம்.ஆர்.பி. கிடையாது. (தேர்தல் நேரத்தில் சில ஊர்களில் உண்டு என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது :-) )

விலையே இல்லாத ஒரு பொருளைத் திருடியவனுக்குச் சட்டம் எதை வைத்துத் தண்டனையை அளக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் அமெரிக்காவின் இருநூறு வருஷ வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. ஏன் அமெரிக்கா? அங்கேதான் ஓட்டு தபாலில் அதிகம் பயணம் செய்கிறது. நம் ஊரில் தபால் ஓட்டு என்றதும் தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் ராணுவத்தில் இருப்பவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் தபாலில் ஓட்டுப் போடலாம். 2020 அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 43 சதவீதம் பேர் அப்படித்தான் போட்டார்கள்.

ஓட்டுச்சாவடியில் வாக்குச்சீட்டைச் சுற்றிப் போலீஸ், ஏஜெண்டுகள், அதிகாரிகள் எல்லாரும் இருப்பார்கள். தபால் ஓட்டு அப்படி இல்லை. அது வீட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் கிடக்கும், சாப்பாட்டு மேசையில் நாலு நாள் தூங்கும், பிறகு மறுபடி தபாலில் ஏறும். கை வைக்க நினைப்பவனுக்கு வழி நெடுக வாய்ப்பு.

சரி, கதைக்கு வருவோம்.

தபால் திருடினால் தூக்கு

தபால் ஓட்டு வருவதற்கு முன்பே தபால் திருட்டு வந்துவிட்டது. அமெரிக்காவின் 1792 தபால் சட்டம் தபாலைக் கொள்ளையடிப்பவனுக்கு மரண தண்டனை விதித்தது. பணம் வைத்த கடிதத்தை அமுக்கிக்கொள்ளும் தபால் ஊழியருக்கும் அதே கதி. கேட்கவே பயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். தந்தி கிடையாது, ரயில் கிடையாது. பணம், பத்திரம், செய்தித்தாள், வியாபாரக் கணக்கு எல்லாமே குதிரை வண்டியில் தபால் பையில்தான் போயாக வேண்டும். அந்தப் பையை நம்ப முடியாவிட்டால் புதிதாகப் பிறந்த நாடே படுத்துவிடும்.

சட்டம் வெறும் காகிதத்தில் இருக்கவில்லை. 1829இல் பென்சில்வேனியாவில் ஒரு தபால் வண்டியைக் கொள்ளையடித்த ஜேம்ஸ் போர்ட்டர், ஜார்ஜ் வில்சன் என்ற இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. போர்ட்டரை 1830 ஜூலையில் தூக்கில் போட்டார்கள். வில்சனுக்கு அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் மன்னிப்புக் கொடுத்தார். வில்சனோ அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மன்னிப்பும் ஒரு பத்திரம் மாதிரிதான், கொடுக்கப்படுபவர் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும் என்று 1833இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு எழுதினார். (பிசினஸ் லா வகுப்பில் தூங்காதவர்களுக்கு ஆஃபர், அக்செப்டன்ஸ் எல்லாம் ஞாபகம் வரும்.) வில்சனைத் தூக்கில் போட்டுவிட்டதாக ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அது உண்மை இல்லை, அவர் சிறையில்தான் இருந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்காலத்தில் ஓட்டுகள் தபாலில் ஏறியபோது அவற்றுக்குக் காவலாக முதலில் நின்றது இந்தத் தபால் சட்டப் பரம்பரைதான்.

1864: சிப்பாய்களின் ஓட்டு

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே 1864இல் அதிபர் தேர்தல் வந்தது. லிங்கனை எதிர்த்து நின்றவர் அவரே முன்பு பதவியிலிருந்து நீக்கிய தளபதி ஜார்ஜ் மெக்கிளலன். லட்சக்கணக்கான ஆண்கள் போர்முனையில் இருந்தார்கள். அவர்கள் எப்படி ஓட்டுப் போடுவது?

ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழி கண்டுபிடித்தது. நியூயார்க்கின் வழி கொஞ்சம் சுற்றுவழி. சிப்பாய் தன் ஊரில் இருக்கும் ஒருவருக்குத் தன் சார்பாக ஓட்டுப் போட அதிகாரம் எழுதிக் கொடுப்பார். வாக்குச்சீட்டை உறையில் போட்டு, ஓர் அதிகாரி முன்னால் உறுதிமொழி எடுத்து, கையெழுத்து வாங்கி ஊருக்கு அனுப்புவார். ஊரில் இருப்பவர் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் சேர்ப்பார்.

சிப்பாய்களிடம் ஓட்டு சேகரிக்க மாநில அரசு ஏஜெண்டுகளை அனுப்பியது. அந்த அக்டோபரில் பால்டிமோர் நகரில் மோசஸ் ஃபெர்ரி, எட்வர்ட் டொனஹ்யூ என்ற இருவர் கைதானார்கள். சிப்பாய்கள் பெயரிலும் அதிகாரிகள் பெயரிலும் கள்ளக் கையெழுத்துப் போட்டு மெக்கிளலனுக்கு ஓட்டுகள் தயாரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களை விசாரித்தது சாதாரண நீதிமன்றம் இல்லை, ராணுவ விசாரணைக் குழு. அதற்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் ஆப்னர் டபுள்டே. (பேஸ்பால் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் என்று பல காலம் தவறாகச் சொல்லப்பட்டவர் இவர்தான்.)

ஃபெர்ரி ஒப்புக்கொண்டார். இருவருக்கும் கிடைத்தது ஆயுள் தண்டனை!

இந்தக் கண்டிப்பைப் பார்த்துக் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே நேரத்தில் வாஷிங்டனில் வேறு மூன்று நியூயார்க் ஏஜெண்டுகளையும் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். தேர்தல் முடிந்த பிறகு அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். பிடித்தது ஆட்சியில் இருப்பவரின் ராணுவம், பிடிபட்டது எதிர்க்கட்சி ஆட்கள். நியூயார்க்கில் லிங்கன் ஜெயித்த வித்தியாசமோ ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் ஏழாயிரத்துக்கும் குறைவு. சந்தேகம் கிளம்ப இதைவிட வேறென்ன வேண்டும்? 1866இல் மில்லிகன் வழக்கில், சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் பொதுமக்களை ராணுவ விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆக, ஓட்டுத் திருட்டுக்கு மிகக் கடுமையான தண்டனை கிடைத்த வழக்கிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தண்டனை கடுமையாக இருந்தால் மட்டும் போதாது, அதைக் கொடுப்பவர் மேல் தோற்றவருக்கும் நம்பிக்கை இருக்க வேண்டும்.

இன்றைய கணக்கு: ஐந்து வருஷம்

இப்போது தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தைப் புரட்டினால் ஐந்து என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. தபாலைத் திருடினால் ஐந்து வருஷம் வரை சிறை. உரியவர் கைக்குப் போகும் முன் கடிதத்தை எடுத்து மறித்தால் ஐந்து வருஷம் வரை. தபால்காரரே கடிதத்தை ஒளித்தாலோ அழித்தாலோ ஐந்து வருஷம் வரை. பொய்யான வாக்குச்சீட்டு என்று தெரிந்தே போட்டாலோ போடவைத்தாலோ, 1993ஆம் வருஷத்து வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி அதற்கும் ஐந்து வருஷம் வரை. இவற்றோடு அபராதமும் உண்டு. மாநிலச் சட்டங்கள் தனி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாதாரணத் திருட்டில் பொருளின் விலையைப் பார்த்துத் தண்டனை கூடும், குறையும். தபால் திருட்டுச் சட்டமோ உறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே செக் இருந்தாலும், பொங்கல் வாழ்த்து இருந்தாலும், வாக்குச்சீட்டு இருந்தாலும் குற்றம் ஒன்றுதான். விலையில்லாப் பொருளுக்கு எப்படித் தண்டனை என்ற என் முதல் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் இது. திருடப்பட்ட தாளுக்கு அது விலை போடவில்லை, உடைக்கப்பட்ட நம்பிக்கைக்குப் போடுகிறது.

2020 அக்டோபரில் நியூஜெர்சியில் ஒரு தபால்காரர் பை பையாகக் கடிதங்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு மாட்டிக்கொண்டார். மீட்டவற்றில் 99 வாக்குச்சீட்டுகள் இருந்தன. நல்லவேளை, தேர்தலுக்கு நாள் இருந்ததால் அவற்றை உரியவர்களிடம் சேர்த்துவிட்டார்கள். அந்த 99 பேருக்கும் அதிர்ஷ்டம். ஏனென்றால் எல்லாத் திருட்டிலும் பொருள் திரும்பக் கிடைப்பதில்லை. ஓட்டு என்பது ஒரே ஒரு நாளைக்குத்தான் செல்லும் நாணயம். மறுநாள் மீட்டுக் கொடுத்தால் அது வெறும் காகிதம்.

அப்படியானால் பறிகொடுத்தவருக்கு என்ன நியாயம்? இதற்கு இரண்டு நகைமுரணான பதில்களை வரலாறு வைத்திருக்கிறது.

மயாமி: திருடியவனோடு சேர்த்து எல்லாருக்கும் தண்டனை

1997 நவம்பரில் ஃபுளோரிடாவின் மயாமி நகரில் மேயர் தேர்தல். ஓட்டுச்சாவடிகளில் பதிவான ஓட்டுகளை மட்டும் எண்ணினால் ஜோ கரோயோ பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்திருப்பார். தபால் ஓட்டுகளையும் சேர்த்ததும் பாதிக்குக் கீழே போய்விட்டார். இரண்டாம் சுற்றுத் தேர்தல் வந்தது, அதில் சேவியர் சுவாரெஸ் ஜெயித்து மேயரானார்.

பிறகுதான் தோண்ட ஆரம்பித்தார்கள். கள்ளச் சாட்சிக் கையெழுத்துகள், அந்த ஊரிலேயே குடியில்லாதவர்களின் ஓட்டுகள், இறந்துபோன ஒருவர் பெயரிலும் ஓட்டு! தி மயாமி ஹெரால்டு நாளிதழ் இதைத் துருவி எழுதி 1999இல் புலிட்சர் பரிசு வாங்கியது. மோசடியில் சுவாரெஸுக்கு நேரடித் தொடர்பு இருந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் மோசடி நடந்தது உண்மை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

1998 மார்ச் தொடக்கத்தில் விசாரணை நீதிபதி மறுதேர்தல் நடத்தச் சொன்னார். சில நாட்களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மறுதேர்தல் வேண்டாம், தபால் ஓட்டுகள் மொத்தத்தையும் தள்ளிவிடுங்கள், கரோயோதான் மேயர் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தபாலில் ஓட்டுப் போடுவது உரிமை அல்ல, சலுகை என்பது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்தத் தபால் ஓட்டுகளில் நடக்க முடியாத வயதானவர்கள் நேர்மையாகப் போட்டவை எத்தனை இருந்திருக்கும்? யாரோ செய்த குற்றத்துக்கு அவர்களுடைய ஓட்டும் குப்பைக்குப் போனது. மோசடி செய்தவர்கள் சிலர் மீது தனியாக வழக்கு நடந்தது, மூடி மறைக்க உதவியதற்காக ஒரு நகர கமிஷனரே தண்டிக்கப்பட்டார். ஆனால் நேர்மையாக உறையை ஒட்டி அனுப்பியவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

பிளேடன் கவுண்டி: தண்டனை இருந்தது, பயம் இல்லை

அடுத்தது 2018. வட கரோலினா மாநிலத்தின் 9ஆவது நாடாளுமன்றத் தொகுதி. குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ், ஜனநாயகக் கட்சியின் டான் மெக்கிரெடியை 905 ஓட்டு வித்தியாசத்தில் முந்தினார். ஆனால் மாநிலத் தேர்தல் வாரியம் முடிவைச் சான்றளிக்க மறுத்தது. பிளேடன் என்ற கிராமப்புற கவுண்டியில் ஒரு கணக்கு இடித்தது. அங்கே தபாலில் ஓட்டுப் போட்டவர்களில் குடியரசுக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள் 19 சதவீதம்தான். ஆனால் தபால் ஓட்டில் ஹாரிஸ் வாங்கியதோ 61 சதவீதம்!

விசாரணையில் மெக்ரே டௌலெஸ் என்பவரின் பெயர் அடிபட்டது. ஹாரிஸ் தரப்புக்காக வேலை பார்த்த உள்ளூர் ஆள். அவர் செய்தது இதுதான். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி வீடு வீடாக அனுப்பி முதலில் தபால் ஓட்டுக்கான விண்ணப்பங்களைச் சேகரிப்பார். வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்ததும் அதே ஆட்கள் மறுபடி போவார்கள். "நாங்களே அனுப்பிவிடுகிறோம்" என்று வாங்கிக்கொள்வார்கள். அந்த மாநிலத்தில் வாக்காளரோ நெருங்கிய உறவினரோ தவிர வேறு யாரும் வாக்குச்சீட்டை வாங்கிப் போகவே கூடாது. அது சிறை வரை போகக்கூடிய குற்றம்.

அவரிடம் வேலை பார்த்த ஒரு பெண் 2019 பிப்ரவரியில் வாரியத்தின் முன் சாட்சி சொன்னார். பார்க்காமலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டது, காலியாக விட்டிருந்த இடங்களை நிரப்பியது, வாக்காளர் எழுதிய அதே நிற மையில் எழுதியது, ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டாமல் பார்த்துக்கொண்டது, சந்தேகம் வராமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தபாலில் சேர்த்தது என்று வரிசையாக வந்தது. வேட்பாளரின் மகனே, டௌலெஸைப் பற்றி அப்பாவை முன்கூட்டியே எச்சரித்திருந்ததாகச் சாட்சி சொன்னார். மறுநாள் ஹாரிஸே மறுதேர்தல் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டு கட்சி உறுப்பினர்களும் இருந்த வாரியம் 5-0 என்று ஒருமனதாக மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. ஹாரிஸ் மீது குற்றவழக்கு எதுவும் போடப்படவில்லை. 2019 செப்டம்பரில் நடந்த மறுதேர்தலில் அவர் நிற்கவில்லை. அதே கட்சியின் டான் பிஷப் ஜெயித்தார். 2024இல் ஹாரிஸ் வேறொரு தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்கும் போய்விட்டார்.

டௌலெஸுக்கு எத்தனை வருஷம் கிடைத்தது என்றுதானே கேட்கிறீர்கள்? வாக்குச்சீட்டு வழக்கில் ஒரு நாள்கூட இல்லை. 2019இல் கைதானார். வழக்கு இழுத்தது. நடுவே வேறொரு வழக்கில், சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை மோசடிக்காக, 2021இல் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. தேர்தல் வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே 2022 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்துபோனார். அவரோடு குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகாமல் தப்பினார்கள்.

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று. 2016 தேர்தலிலேயே அவருடைய வேலைகள் பற்றிச் சந்தேகம் எழுந்து, மாநில வாரியம் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. கோப்பு 2017 ஜனவரியில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கே போனது. 2018 தேர்தல் வரை ஒன்றும் நடக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் ஐந்து வருஷம் அப்படியே இருந்தது. அவரும் அப்படியே இருந்தார்.

1764லேயே இத்தாலியின் பெக்காரியா இதைச் சொல்லிவிட்டார். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் இல்லை, அது நிச்சயம் வரும் என்ற எண்ணம்தான் என்பது அவர் வாதம். பிளேடன் கவுண்டி அதற்கு ஒரு பயிற்சிக் கணக்கு.

ஆடிட்டிங் நோட்டில் இருக்கும் பதில்

பி.காம். படிப்பவன் எதைப் பார்த்தாலும் கணக்கு வழக்காகத்தான் பார்ப்பான், மன்னியுங்கள். ஆடிட்டிங்கில் இன்டர்னல் செக் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஆள் கையில் விடக் கூடாது. பணம் வாங்குபவர் வேறு, ரசீது போடுபவர் வேறு, பேரேட்டில் எழுதுபவர் வேறாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் தவறு செய்தால் இன்னொருவர் கணக்கில் அது தட்டும்.

டௌலெஸ் செய்ததை இதில் வைத்துப் பாருங்கள். விண்ணப்பம் வாங்கியவர்களும், சீட்டைச் சேகரித்தவர்களும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும், தபாலில் சேர்த்தவர்களும் ஒரே கும்பல். 1864இலும் அதேதான். ஓட்டு சேகரிக்கப் போன ஏஜெண்டே சிப்பாயாகவும் அதிகாரியாகவும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார். நூற்றைம்பது வருஷ இடைவெளி, அதே ஓட்டை!

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். இவற்றைப் படித்துவிட்டுத் தபால் ஓட்டே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020இல் பெரிய அளவில் மோசடி நடந்தது என்று எழுந்த குற்றச்சாட்டுகள் நீதிமன்றங்களில் நிற்கவில்லை. பிளேடன் கவுண்டியில் மாட்டிக்கொண்டதற்குக் காரணமே கணக்கு இடித்ததுதான். தபால் ஓட்டு பின்னால் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது, அதைப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கு, ஆயுள், ஐந்து வருஷம் என்று எல்லாமே திருடியவனைப் பற்றிய கணக்குகள். பறிகொடுத்தவர் பக்கம் யோசித்தால் மயாமிக்கும் பிளேடனுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மயாமியில் நேர்மையான ஓட்டும் சேர்ந்து குப்பைக்குப் போனது. வட கரோலினாவில் யாரையும் பெரிதாகத் தண்டிக்க முடியவில்லை, ஆனால் அந்தத் தொகுதி மக்கள் எல்லாருக்கும் இன்னொரு முறை ஓட்டுப் போடும் வாய்ப்பு கிடைத்தது. வாசலில் வந்து கேட்டவர்களை நம்பி உறையைக் கொடுத்துவிட்ட வயதானவர்களுக்கும்தான்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், என் ஓட்டு இரண்டாவதற்கு. திருடன் சிறைக்குப் போகட்டும், நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால், போன ஓட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பின்னூட்டத்தில் சண்டை போடலாம் வாருங்கள் :-)